லிங்கி ஆற்றங்கரைத் திடல்கள்

சிரம்பான் நகருக்குள் லிங்கி ஆறு கால்வாய் மாதிரிதான் ஓடுகிறது. ஆனால் ஒரு காலத்தில் இந்த வட்டாரமான சுங்கை ஊஜோங்கின் ஈயம் இந்த ஆற்று வழியாகத்தான் கடலுக்குப் போனது. கரையோரத் தலைவர்கள் படகுகளை மறித்துச் சுங்கம் வாங்கினார்கள். அந்தத் தகராறுக்கு நடுவே 1874-இல் பிரிட்டிஷார் உள்ளே நுழைந்தார்கள். 1891-இல் போர்ட்டிக்சனுக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் ஆற்று வணிகம் படுத்துவிட்டது.

2020 ஜனவரி 1-ஆம் தேதி சிரம்பான், நீலாய் நகராண்மைக் கழகங்கள் ஒன்றாகி மாநகர் மன்றம் பிறந்தது. நீலாயின் தண்ணீர் லங்காட் பக்கம் ஓடுவது. ஆறுகள் பிரித்து வைத்த ஊர்களை அலுவலகம் சேர்த்தது.

சிரம்பானில் காற்பந்து என்றால் பாரோய் அரங்கம்; அதன் கதை ஊரறிந்தது. நெகிரி செம்பிலான் அணிக்கு 2009, 2011 மலேசியக் கிண்ணங்கள் வந்தன. பிறகு அணி இரண்டாம் நிலை லீக்குக்கு இறங்கி, 2021-இல் அதை வென்று மேலே ஏறியது. 2010-இல் சுசுகி கிண்ணம் வென்ற தேசிய அணிக்குப் பயிற்சியாளர் கே. ராஜகோபால். அந்த அணியில் ஆடிய எஸ். குணாளன் அப்போது நெகிரி செம்பிலான் ஆட்டக்காரர். என் அக்கறை அரங்கத்துக்கு வெளியே இருக்கிறது.

சிரம்பானிலிருந்து மம்பாவ் தாண்டி ரந்தாவ் பக்கம் போனால் தோட்டங்கள். முன்பு பால்மரம், இப்போது செம்பனை. தோட்டத்துத் திடலில் வளர்ந்தவர்களுக்கு அதன் மேடுபள்ளம் மனப்பாடம். ஒரு கோல் கம்பத்துக்குப் பின்னால் கோவில், மற்றதற்குப் பின்னால் கால்வாய். பந்து அதில் விழுந்தால் இறங்கி எடுப்பது சின்னப் பையன் வேலை. கம்பம் துருப்பிடித்த இரும்புக் குழாய், கோடு சுண்ணாம்பு. தாழ்வான மூலையில் மழைநீர் தேங்கிவிட்டால் அங்கிருந்து கார்னர் உதைக்க முடியாது. ஒன்பது பேர் போட்டி என்றால் பக்கத்துத் தோட்டத்து அணிகள் லோரியில் வந்து இறங்கும்.

அந்தத் திடல் எந்த நகராண்மையின் கணக்கிலும் இல்லை. தோட்டம் தனியார் நிலம். சாலை, விளக்கு, திடல் எல்லாம் நிர்வாகம் பார்த்துச் செய்தால் உண்டு. நிலம் வீடமைப்புக்குப் போகும்போது லயத்துக்கு மாற்று வீடு கேட்கிறோம், கோவிலுக்கு இடம் கேட்கிறோம். திடலைக் கேட்க மறந்துவிடுகிறோம். புதிய குடியிருப்பில் ஃபுட்சால் கூடம் வரும், மணிக்கணக்கில் வாடகை கட்டி ஆடலாம். பால்வெட்டுக்காரர் பேரன் தினமும் அந்த வாடகைக்கு எங்கே போவான்?

மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் மீஃபா அணி கீழ்நிலை லீக்கிலிருந்து ஏறி, 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கைத் தொட்டது. 2022 பருவத்தோடு விலகியும்விட்டது. மேலே ஓர் அணியை நிறுத்தப் பெரும் பணம் வேண்டும். கீழே பையன்கள் கூடுவதற்குத் திடல் போதும்.

மறுபடி ஆற்றுக்கு வருவோம். ரெம்பாவ் ஆறு வந்து கலந்தபின் லிங்கி அகலமாகிறது. 1467-ஆம் ஆண்டுக் கல்வெட்டு நிற்கும் பெங்காலான் கெம்பாஸ் பக்கமாகப் போய் கோலா லிங்கியில் கடல் சேர்கிறது. அங்கே எதிர்க்கரை மலாக்கா.

இந்த ஆற்றின் வழிநெடுக உள்ள ஊராட்சி மன்றங்களில் எதற்கும் நாம் வாக்களித்து உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஊராட்சித் தேர்தல் 1965-இல் நின்றது, இன்னும் திரும்பவில்லை. ஆனால் ஒரு வழி திறந்திருக்கிறது. 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி உள்ளூர்த் திட்ட வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது யாரும் ஆட்சேபம் எழுதலாம். ஒவ்வொரு தோட்டத்து அணியும் தன் திடலின் லாட் எண்ணைக் குறிப்பிட்டு, அதைப் பொதுத் திடலாக ஒதுக்கக் கேட்டு, கெடு முடியுமுன் எழுத வேண்டும்.