பதினோரு மாத வீடும் ஏழாண்டுக் கருவியும்

வீட்டு விளையாட்டுக் கருவிகளுக்குத் தலைமுறைக் கணக்கு உண்டு. சோனியின் பிளேஸ்டேஷன் 4 மேலைச் சந்தைகளுக்கு 2013 நவம்பரில் வந்தது. இந்தியாவுக்கு 2014 ஜனவரியில், 39,990 ரூபாய் விலையில் வந்து சேர்ந்தது. அடுத்த தலைமுறை 2020 நவம்பரில் பிறந்து, 2021 பிப்ரவரி 2 அன்று 49,990 ரூபாய்க்கு இங்கே கடைக்கு வந்தது. 2022 நவம்பரில் அதன் விலை 54,990 ஆனது. ஆக, ஒரு தலைமுறை என்பது ஏறத்தாழ ஏழாண்டு. நான்கிலிருந்து ஐந்துக்குப் போவதா, வேண்டாமா என்று 2024-ன் பிற்பகுதி முழுவதும் நாங்கள் நால்வரும் பேசித் தீர்த்தோம். கருவியைப் பற்றித் தொடங்கிய பேச்சு போகப்போக எங்களைப் பற்றியதாகிவிட்டது. எழுதிவைக்கத் தோன்றியதும் அதனால்தான்.

நாங்கள் இருப்பது சுங்குவார்சத்திரத்தில், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையிலிருந்து சற்றே உள்ளடங்கிய தெருவொன்றின் மாடி வீட்டில். தேனி, விருத்தாசலம், தருமபுரி, அறந்தாங்கி என்று ஆளுக்கொரு ஊர். திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட வெவ்வேறு ஆலைகளில் வேலை. ஊரின் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. வழிப்போக்கர் தங்கிச் செல்லும் இடம். 2024 ஆகஸ்டில் பக்கத்து வல்லம் வடகாலில் 18,000-க்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கான விடுதி திறக்கப்பட்டபோது, சத்திரம் என்ற சொல்லுக்குப் புதிய உரை எழுதப்பட்டதாகவே எங்களுக்குத் தோன்றியது. எங்கள் வாடகை ஒப்பந்தம் பதினோரு மாதம். கட்டில் வீட்டுக்காரருடையது, மிக்ஸி தேனியிலிருந்து அம்மா கொடுத்தனுப்பியது, புத்தகங்கள் அவரவருடையவை. நால்வருக்கும் பொதுச் சொத்து என்று சொல்ல, பங்கு போட்டுப் பழையதாக வாங்கிய அந்தப் பிளேஸ்டேஷன் 4 மட்டுமே உண்டு.

சிற்றிதழ் படிப்பவர்களுக்கு இந்தச் சிறுபிள்ளை விளையாட்டு எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். மூன்று ஷிப்டில் வாழ்கிறவர்களின் வீட்டை ஒருமுறை பார்த்தால் கேள்வி எழாது. ஒருவர் உறங்கும்போது ஒருவர் கிளம்புவார். ஒருவர் குளிக்கும்போது ஒருவர் வந்து சேர்வார். நால்வரும் விழித்த நிலையில் ஒரே அறையில் இருப்பது ஞாயிறு மாலையில் மட்டும்தான். நாவலைத் தனியாகத்தான் படிக்க முடியும். நால்வர் வேலைநேரமும் அதற்குத் தடையில்லை. இரண்டு ஜாய்ஸ்டிக், இருவர் ஆட, இருவர் கேலி செய்ய என்று அமைந்த அந்த இரண்டு மணி நேரத்துக்கு வேறு மாற்று எங்களுக்குக் கிடைக்கவில்லை.

ஐந்துக்கு மாற வேண்டும் என்ற கட்சியின் வாதங்கள் வலுவானவை. பழைய கருவி வன்தட்டை நம்பியது. ஓர் ஆட்டம் திரையில் எழுவதற்குள் தேநீர் போட்டு இறக்கிவிடலாம். புதியதில் அந்தக் காத்திருப்பு சில நொடிகளாகச் சுருங்கிவிடுகிறது. நான்கிற்கான ஆட்டங்களில் பெரும்பாலானவை ஐந்தில் ஓடும். ஐந்துக்கென்றே செய்தவை நான்கில் ஓடா. 2023 அக்டோபரில் வந்த 'ஸ்பைடர் மேன் 2' நான்கிற்கு வரவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் 'ஜி.டி.ஏ. 6' முன்னோட்டம் வந்தபோது, அதுவும் புதிய தலைமுறைக் கருவிகளுக்கே என்று தெரிந்தது. விருத்தாசலத்துக்காரர் அன்றைக்கே எங்கள் கருவிக்கு இரங்கற்பா பாடிவிட்டார்.

மறுகட்சியின் வாதம் சுவரில் இருந்தது: 32 அங்குலத் தொலைக்காட்சி. புதிய கருவி 4கே துல்லியத்தில் படம் தரும். எங்கள் பெட்டிக்கோ அதில் கால் பங்கு புள்ளிகள்தான். கருவியை மாற்றினால் பெட்டியையும் மாற்ற வேண்டும், அதற்கு இந்தச் சுவர் போதாது, பிறகு வீட்டையே மாற்ற வேண்டும் என்று அறந்தாங்கிக்காரர் அடுக்கிக்கொண்டே போனார். தொண்ணூறுகளில், ஜப்பானியக் கருவியின் நகல்களில், மஞ்சள் கேசட்டைச் செருகி, ஓடாவிட்டால் கழற்றி வாயால் ஊதி ஆடிய தலைமுறை நாங்கள். படத்தின் துல்லியம் குறைந்ததால் எந்த ஆட்டமும் கசந்ததாக நினைவில்லை. 'கிரிக்கெட் 24' இரண்டு கருவிகளிலும் வந்தது. பந்து இரண்டிலும் ஒரே மாதிரிதான் எகிறுகிறது.

விலையைப் பேசும்போது வேறொன்றும் பேசினோம். கைபேசியும் காரும் குளிர்பதனப் பெட்டியும் வெளிவரும் இந்தத் தொழிற்பட்டையிலிருந்து விளையாட்டுக் கருவி வருவதில்லை. அது கடல் கடந்து வருகிறது. 2018 டிசம்பரில் ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டாலும், சுங்க வரி தனியாக உண்டு. எங்கள் கருவியின் அடிப்பக்கத்தில் சீனாவில் செய்தது என்று பொறித்திருக்கிறது. 2013 அக்டோபரில், பிளேஸ்டேஷன் 4 வெளிவரும் தறுவாயில், சீனாவின் யாண்டாய் நகர ஃபாக்ஸ்கான் ஆலையில் கல்லூரி மாணவர்கள் 'பயிற்சி' என்ற பெயரில் அதைக் கோக்க அமர்த்தப்பட்டார்கள் என்ற செய்தி வந்தது. இரவுப் பணியிலும் கூடுதல் நேரத்திலும் தன் விதிமுறைகள் மீறப்பட்டதை நிறுவனமே ஒப்புக்கொண்டது. அதே நிறுவனத்தின் கைபேசி ஆலை எங்கள் ஊரில் இருக்கிறது. அந்த மாணவர்களில் யாரோ ஒருவர் முடுக்கிய திருகாணிகள் எங்கள் வீட்டில் இருக்கக்கூடும் என்று தருமபுரிக்காரர் சொன்னபோது, அன்றைய ஆட்டம் சற்று நேரம் நின்றது. கோக்கும் வேலை எங்களுக்குத் தெரியும். எட்டு மணி நேரமும் கழுத்து எந்தப் பக்கம் வலிக்கும் என்பது வரைக்கும்.

54,990-ஐ நான்காகப் பிரித்தால் தலைக்குச் சுமார் 13,750. தகடு செருகும் வசதி இல்லாத வகை 44,990-க்குக் கிடைத்தது, பத்தாயிரம் மிச்சம். சிக்கல் அங்கேதான் தொடங்கியது. தகடு இல்லாவிட்டால் ஆட்டங்களை இணையத்தில் வாங்கி, ஒருவர் பெயரிலுள்ள கணக்கில் சேர்க்க வேண்டும். யார் பெயரில்? பணம் நால்வருடையது; கணக்கு ஒருவருடையது. அந்த ஒருவர் ஊர் மாறினால் நூலகமே அவரோடு போய்விடும். தகட்டை இரவல் கொடுக்கலாம், விற்கலாம், பாகம் பிரிக்கலாம். கணக்கைப் பாகம் பிரிக்க முடியாது. 'நீ எப்போது போவாய்' என்ற கேள்வியை எங்களில் ஒருவரும் அதுவரை மற்றவரிடம் கேட்டதில்லை.

கேட்க வேண்டியதாயிற்று. கருவியின் ஆயுள் ஏழாண்டு என்றால் எங்களுடையது எவ்வளவு? திருப்பெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-ல் உற்பத்தியைத் தொடங்கி, 2014 நவம்பர் 1 அன்று நிறுத்தியது. ஆயிரக்கணக்கானோருக்குச் சோறுபோட்ட ஆலை, ஒரு விளையாட்டுக் கருவியின் தலைமுறையைவிட ஓராண்டு சொச்சமே அதிகம் வாழ்ந்தது. அதே 2014-ல் இந்தியாவுக்கு வந்த பிளேஸ்டேஷன் 4-க்குப் பத்தாண்டு கழிந்தும் புது ஆட்டங்கள் வந்துகொண்டிருந்தன. நாங்கள் பேசிக்கொண்டிருந்த அதே பருவத்தில், 2024 செப்டம்பர் 9 முதல் சாம்சங் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கோரி எச்சூரில் பந்தல் போட்டு 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளமில்லாத 37 நாள் என்றால் என்ன என்பதை எங்கள் தெரு மளிகைக் கடையின் கடன் நோட்டு சொன்னது. அதன்பின் 13,750 என்ற எண் எங்கள் கண்ணுக்கு வேறாகத் தெரிந்தது. வீட்டுக்கார அம்மா எந்தக் கணக்கும் போடாமல், "இருக்கிறதே நல்லாத்தானேப்பா ஓடுது, இன்னொண்ணு எதுக்கு?" என்று படியில் நின்றபடி கேட்டுவிட்டுப் போனார்.

தீபாவளி போனஸ் வந்த வாரத்தில் முடிவெடுத்தோம். ஐந்து வேண்டாம். ரிச்சி தெருவுக்குப் போய் 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கி வந்து, பழைய வன்தட்டைக் கழற்றி அதைப் பொருத்தினோம். விசிறியில் படிந்திருந்த நெடுஞ்சாலைத் தூசியையும் துடைத்தோம். ஆளுக்கு ஆயிரத்துக்கும் குறைவாகவே செலவு. ஆட்டம் முன்னைவிட விரைவாக எழுகிறது. தேநீர் போட நேரமில்லை என்பதுதான் குறை. கூடவே ஒரு விதியும் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினோம்: கருவி வீட்டோடு இருக்கும், போகிறவர் தமக்குப் பிடித்த மூன்று தகடுகளை எடுத்துக்கொள்ளலாம்.

2025 ஜூனில் விதிக்கு முதல் வேலை வந்தது. தருமபுரிக்காரருக்கு ஓசூரில் வேலை கிடைத்தது, ஊருக்கும் பக்கம். மூன்று தகடுகளை எடுத்துப் பைக்குள் வைத்தார். மேலே இருந்தது 'கிரிக்கெட் 24'. கருவி இல்லாமல் தகட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வீர் என்று கேட்டோம்.

"அங்கயும் ரூம்ல நாலு பேரு இருப்பாங்க. ஒருத்தன்கிட்டயாவது இருக்கும்" என்றார்.

அந்த ஞாயிறு முதல் நாங்கள் கால்பந்து ஆடுகிறோம்.