கொத்த மறந்த கோழி

நாட்றாம்பாளையத்தில் அந்த வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபம். ‘கடிகாரக்காரர் வீடு’ என்று கேட்டால், டீக்கடையில் நிற்பவர்களே கை காட்டிவிடுவார்கள். அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் போகும் காட்டுச் சாலையில், ராத்திரியானால் யானை பயத்தோடு படுக்கிற ஊர். அங்கே ஒரு வீட்டுக் கூடத்தில் 23 கடிகாரங்கள்! கண்ணை உருட்டும் ஆந்தை, ஊஞ்சலாடும் பொம்மை, தலையாட்டும் நாய் என ஒவ்வொன்றும் ஒரு தினுசு. நடு அலமாரியில் இருப்பது கோழிக் கடிகாரம். மற்ற 22-ம் இந்த ஒன்றால் வந்து சேர்ந்தவைதான்.

கோழி, அவர் மனைவி பிறந்த வீட்டுச் சொத்து. சிங்கப்பூரில் வேலை பார்த்த உறவினர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த, சீனாவில் செய்த அலாரம் கடிகாரம். டயலில் ஒரு தாய்க்கோழியும் குஞ்சுகளும் இருக்கும். கோழியின் தலை மட்டும் தனித் தகரத் துண்டு. டிக் டிக் ஓசைக்கு ஏற்றபடி அது குனிந்து குனிந்து தானியம் கொத்தும். தினமும் ராத்திரி ரேடியோ செய்தி முடிந்ததும் மாமனார் அதற்குச் சாவி கொடுத்துவிட்டுத்தான் படுப்பாராம். அவர் போன பிறகு கடிகாரம் மகளிடம் வந்தது.

அப்போது அவர்களுக்கு ஓசூரில் குடித்தனம். டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் ஓசூர் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. சாவி கொடுக்கும் வாட்ச்சை எல்லோரும் கழற்றி வைத்துவிட்டு, குவார்ட்ஸுக்கு மாறிக்கொண்டிருந்த காலம். பேட்டரி மின்சாரத்தில் நொடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு துளிக் கல் நேரத்தைக் காப்பாற்றும்போது, தினம் பத்து நிமிஷம் பின்தங்கும் கோழியை வீட்டில் வைத்திருப்பது அவருக்கே கௌரவக் குறைச்சலாகப் பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உள்ளிருந்த மெஷினைக் கழற்றிவிட்டு, கறுப்பு பிளாஸ்டிக் டப்பியில் வரும் குவார்ட்ஸ் மெஷினைப் பொருத்தினார். நேரம் அச்சு பிசகாமல் ஓடியது. கோழி கொத்தவில்லை.

அவருக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. பழைய மெஷின், மற்ற தட்டுமுட்டுச் சாமான்களோடு இரும்புக்காரர் தள்ளுவண்டிக்குப் போனது. பதிலுக்குப் பேரீச்சம்பழம் வந்தது. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டார்கள். மனைவி மட்டும் ஒன்றைக்கூடத் தொடவில்லை என்பது பல வருஷம் கழித்துத்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. அந்தம்மாள் சண்டை போட்டிருந்தால்கூட அவருக்கு அன்றே புரிந்திருக்கும்.

இந்த வகைக் கடிகாரங்களில் பொம்மை என்பது மேலே ஒட்டிய அலங்காரம் அல்ல. பின்னால் பேலன்ஸ் வீல் இப்படியும் அப்படியும் சுழல, அதோடு ஒரு சின்ன லீவர் ஆடும். டிக் டிக் சத்தம் வருவதே அந்த ஆட்டத்தில்தான். லீவரின் அச்சைக் கொஞ்சம் நீட்டி, டயலுக்கு வெளியே எடுத்து, அதன் நுனியில் கோழித் தலையை மாட்டியிருப்பார்கள். 19-ம் நூற்றாண்டில் அமெரிக்காவில் வந்த, கண் சிமிட்டும் வார்ப்பிரும்புப் பொம்மைக் கடிகாரங்களிலும் இதே உத்திதான். ஹைதராபாத் சாலார் ஜங் மியூசியத்தில் மணிக்கொரு தடவை வெளியே வந்து மணியடிக்கும் குட்டி மனிதரைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறதே, அந்த ரகம் வேறு. அவருக்கு மணிக்கு ஒரு தடவைதான் வேலை. கோழிக்கு ஓய்வே கிடையாது. குவார்ட்ஸில் ஆடும் லீவர் இல்லை. பிறகு எதைப் பிடித்துக்கொண்டு அது கொத்தும்?

இது அவருக்குத் தெரியாதது அல்ல. தெரிந்தும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

பிள்ளைகள் வேலைக்குப் போய், வீட்டில் இரண்டு பேர் மட்டும் ஆன பிறகு தேட ஆரம்பித்தார். பெங்களூரு பி.வி.கே. அய்யங்கார் ரோட்டில் கூடும் சண்டே பஜாருக்கு, விடியற்காலை பஸ்ஸில் போய் இறங்குவார். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு இரண்டு தடவை போனார். மெஷினை மட்டும் யாரும் தனியாகக் கொடுப்பதில்லை. முழுக் கடிகாரத்தையும் வாங்க வேண்டும். வாங்கிவந்து திறந்தால் திருகு துளை பொருந்தாது, லீவர் அச்சு குட்டையாக இருக்கும். கழித்துப்போட மனசு வராமல் அதையும் துடைத்து, ஓடவைத்து, அலமாரியில் வைப்பார். 22 சேர்ந்த கதை இதுதான். நடுவில் ஆசை தனியாகவும் தொற்றிக்கொண்டது என்பதை அவர் மறுப்பதில்லை.

ஏமாந்ததும் உண்டு. பளபளக்கும் பழைய பெட்டி, முன்பக்கம் சாவித் துளை எல்லாம் இருக்கும். பின்மூடியைத் திறந்தால் அதே கறுப்பு பிளாஸ்டிக் டப்பி சிரிக்கும். தானே ஒரு காலத்தில் செய்த வேலைதான் என்பதால், கடைக்காரரைத் திட்ட அவருக்கு வாய் வரவில்லை. இப்போதெல்லாம் பின்மூடியைத் திறந்து பார்க்காமல் விலையே கேட்பதில்லை. இன்னொன்று, பழைய கடிகாரம் எதைத் திறந்தாலும் தேங்காய் எண்ணெய் வாசம்! ‘மக்கர்’ செய்தால் சமையலறை எண்ணெயை ஊற்றுவது நம் வீடுகளின் வழக்கமாயிற்றே. மலையடிவாரத்து மார்கழிக் குளிரில் அது உறைந்து, சக்கரத்தையே பிடித்து நிறுத்திவிடும். பாதிக் கடிகாரங்களுக்கு அதைக் கழுவியெடுத்ததே வைத்தியமாகிவிட்டது.

வேலையிலிருந்து ஓய்வுபெற்றுச் சொந்த ஊருக்கே வந்த பிறகுதான், சண்டே பஜாரில் ஒரு கடிகாரம் மாட்டியது. கண்ணாடி உடைந்து, டயல் துருப்பிடித்து, கோழித் தலையே இல்லாத ஒன்று. மெஷின் மட்டும் அதே அச்சு. ஸ்பிரிங்கைப் பக்குவமாகத் தளர்த்தி, சக்கரம் சக்கரமாகக் கழுவி, மாமனார் கடிகாரத்துக்குள் வைத்துத் திருகினார். சாவி கொடுத்ததும் கோழி ஒரு தடவை குனிந்தது. நின்றது. பிறகு விடாமல் கொத்த ஆரம்பித்தது.

ராகி மாவு சலித்துக்கொண்டிருந்த மனைவி, கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

“சத்தம் வேறயா இருக்குங்க” என்றார்.

“மெஷின் வேறதானே...”

“அது சரி.”

அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, மனைவியே அலமாரியிலிருந்து கோழியை இறக்கினார். பின்பக்கச் சாவியைத் திருகி, இறுகுவதற்கு இரண்டு சுற்று முன்னாலேயே நிறுத்திவிட்டார்.

“முழுசா முறுக்கக் கூடாது. ஸ்பிரிங் அறுந்துடும்னு அப்பா சொல்லுவாரு.”

முழுசாக முறுக்குவதால் நல்ல ஸ்பிரிங் அறுந்துவிடாது. முழுக்க முறுக்கினால்தான் மறுநாள் வரை நேரமும் சரியாக ஓடும். அவருக்குத் தெரியும். “ஆமாம்மா” என்று சொல்லிவிட்டு, விளக்கை அணைக்க எழுந்தார்.