இரவல் ஆள்

எங்கள் பக்கம் இரவல் கொடுப்பதற்கு எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. ஏணியை வாங்கிக்கொண்டு போய் ஒரு படி உடைந்தால், வாங்கினவர்தான் ஆசாரியைக் கூப்பிட்டு சரிசெய்து கொடுக்க வேண்டும். அண்டா, பாய், ஜமக்காளம் எல்லாவற்றுக்கும் அதே கணக்கு. நசுங்கின அண்டாவை வாசலில் வைத்துவிட்டு "உங்க அண்டாதானே, நீங்களே தட்டி எடுத்துக்கங்க" என்று சொன்னால் அடுத்த விசேஷத்துக்குக் கரண்டிகூடக் கிடைக்காது. ஆனால் ஒரு ஆளை இரவல் கொடுத்து அந்த ஆள் உடைந்துபோனால் யார் சரிசெய்வது? எங்கள் வீட்டில் மூன்று வருஷம் ஓடிய கேள்வி இது.

மாமா மதுரையில் ஆம்புலன்ஸ் டிரைவர். 108 இல்லை. நாலு வண்டி, ஆறு ஆள் வைத்திருந்த ஒரு தனியார் ஓனரிடம் வேலை. மாதம் 14,000 ரூபாய், வெளியூர் போனால் பேட்டா தனி. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையைக் கடந்தது. டெல்டா முழுக்கத் தென்னை சாய்ந்து, கரன்ட் கம்பம் சாய்ந்து, ரோடு மறைந்து கிடந்தது. நிவாரண வேலை செய்த ஒரு அறக்கட்டளை ஓனரிடம் வண்டி கேட்டது. ஓனர் நல்ல மனுஷன், வாடகை வேண்டாம் என்றார். டீசலும் டிரைவர் பேட்டாவும் அவர்கள் பார்த்துக்கொள்வதாகப் பேச்சு. "தம்பி, ஒரு பத்து நாள் அவங்களோட இருந்துட்டு வா" என்றார். பேப்பர் கிடையாது. போனிலேயே முடிந்த விஷயம்.

பட்டுக்கோட்டைப் பக்கம் நாலாவது நாள், வண்டி போக முடியாத ஒரு தோப்புக்குள்ளிருந்து ஒரு பாட்டியை ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தூக்கி வந்தார்கள். அறக்கட்டளைப் பையன்கள் மூணு பேர், நாலாவது கை மாமா. விழுந்து கிடந்த தென்னையைத் தாண்டும்போது மரம் உருண்டது. பாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. மாமாவின் வலது முழங்கால் நொறுங்கியது. இரண்டு ஆபரேஷன், உள்ளே பிளேட், எட்டு மாதம் படுக்கை. நடக்கிறார். ஆனால் வலது காலால் பிரேக்கை நம்பி மிதிக்க முடியாது. டிரைவருக்கு அதற்குமேல் என்ன போக வேண்டும்? அவருக்கு அப்போது 35 வயது.

செலவைக் கேட்டு அத்தை முதலில் போனது ஓனரிடம். "என் வேலைல அடிபடலையேம்மா, அவங்க வேலைலதானே. அங்க அவங்க சொன்னதைத்தானே செஞ்சாப்ல" என்றார். அறக்கட்டளையில் கேட்டால், "நாங்க வண்டியத்தான் கேட்டோம். டிரைவர் வண்டியோட வந்தவர். அவருக்கு சம்பளம் குடுக்குறது நாங்க இல்லையே" என்றார்கள். வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று அங்கே போனால், வண்டி அரை கிலோமீட்டர் தள்ளி நின்றது, வண்டியால் வந்த காயம் இல்லை என்று பதில். மூன்று பேர் சொன்னதிலும் ஒரு துளி உண்மை இருந்தது. பொய் சொல்பவரோடு சண்டை போடலாம். ஆளுக்குக் கொஞ்சம் உண்மையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பவர்களோடு எப்படிப் போடுவது?

நான் அப்போது காலேஜ் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தேன். சும்மா இருக்கும் படித்த பெண் என்றால் நம் குடும்பங்களில் அவள்தான் வக்கீல் ஆபீஸுக்குத் துணை. "பாப்பா, நீ படிச்சு என்னன்னு சொல்லு" என்று மாமா சொல்ல, 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தை அப்படித்தான் கையில் எடுத்தேன். பின்னால் ஒரு திருத்தத்தில் பெயர் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று மாறியது. ஆனால் எலும்புக்கூடு பிரிட்டிஷ் காலத்தது. யார் மீது தப்பு என்று பெரும்பாலும் அது தேடுவதில்லை. வேலையிலிருந்து எழுந்த விபத்தா, வேலை நடக்கும்போது நடந்ததா என்றுதான் கேட்கிறது. ஆம் என்றால் முதலாளி கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்த 'முதலாளி' யார் என்று விளக்கும் பிரிவில் ஒரு வரி இருந்தது. ஒரு தொழிலாளியின் சேவை தற்காலிகமாக இரவலாகவோ வாடகைக்கோ இன்னொருவரிடம் தரப்பட்டிருந்தால், அவரிடம் வேலை செய்யும் காலத்துக்கு அந்த இன்னொருவர்தான் முதலாளி என்பது அதன் சாரம். அட, ஏணிக் கணக்கேதான் என்று தோன்றியது. நூறு வருஷத்துக்கு முன்னால் சட்டம் எழுதியவர்களுக்கு மனிதர்கள் கைமாறுவது தெரிந்தே இருந்திருக்கிறது.

வக்கீல் சிரித்தார். "வரி நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா இரவல் குடுத்தது ஆளையா, வண்டியையான்னு அவங்க கேப்பாங்களே" என்றார். அப்போதுதான் லிவர்பூல் கிரேன் வழக்கைச் சொன்னார். துறைமுக நிர்வாகம் ஒரு கிரேனையும் அதை ஓட்டுபவரையும் சரக்கு ஏற்றி இறக்கும் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டது. வாடகைக் காலத்தில் அவர் உங்கள் ஆள்தான் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். கிரேன் ஒருவர் மேல் மோதியது. பிரபுக்கள் சபை, துறைமுகம்தான் இன்னும் முதலாளி என்றது. எந்தச் சரக்கைத் தூக்கு என்று கம்பெனி சொல்லலாம். கிரேனை எப்படி இயக்குவது என்று சொல்லும் அதிகாரம் துறைமுகத்திடமே இருந்தது என்பது காரணம். 1940களின் தீர்ப்பு அது. இரவல் ஆள் பற்றிய பேச்சு வந்தாலே இன்றும் வந்து நிற்கிறது.

ஆக, அந்த ஆளால் வெளியாளுக்கு அடிபட்டால் கொடுத்தவரை நோக்கியும், அந்த ஆளுக்கே அடிபட்டால் வாங்கியவரை நோக்கியும் விரல் நீளலாம். மாமாவின் விஷயத்தில் வண்டி ஓட்டியவரை ஓனரின் டிரைவர் என்று சொல்லலாம். ஸ்ட்ரெச்சரின் நாலாவது கை யாருடையது? தோப்புக்குள் போகச் சொன்னது அறக்கட்டளை, தூக்கச் சொன்னது அறக்கட்டளை. எனக்கு அதில் சந்தேகமே இல்லை. மாமாவிடம் கேட்டேன். "யாரும் சொல்லல பாப்பா. கெழவி வலியில கத்துச்சு, மூணு பேரால முடியல, போய்ப் புடிச்சேன்" என்றார். வக்கீல் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அவசர வேலையின் சிக்கலே இதுதான். மில்லில் ஒருவருடைய வேலை எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று கோடு போடலாம். ஆம்புலன்ஸிலோ தீயணைப்பிலோ வேலையின் எல்லையைத் தாண்டுவதுதான் பாதி வேலை. அப்போதைய ஈ.எஸ்.ஐ. சட்டம் இதைக் கொஞ்சம் புரிந்து வைத்திருந்தது. வேலையிடத்தில் ஆபத்து வந்து, மற்றவரைக் காப்பாற்றப் போகும்போது அடிபட்டால் அதையும் வேலைக் காயமாகவே எடுத்துக்கொள்ளச் சொன்னது. இரவல் தரப்பட்ட தொழிலாளியும் அதில் பெயர் சொல்லியே வந்தார். உடனடி முதலாளி, முதன்மை முதலாளி என்று இரண்டு பேரையும் கட்டி வைத்துவிட்டு, பணத்தைக் கழகமே கொடுத்துவிடும். யாருடைய ஆள் என்ற சண்டை தொழிலாளியின் தலைக்கு மேலே எங்கோ நடக்கும். ஆனால் ஆறு பேர் வேலை செய்யும் இடத்துக்கு அப்போது ஈ.எஸ்.ஐ. கிடையாது.

அரசு வேலை என்றால் கதை வேறு. அங்கே டெபுடேஷனுக்கு அயல்பணி என்று பெயரும் உண்டு, உத்தரவும் உண்டு. சம்பளம் யார், ஓய்வூதியப் பங்கு யார், எத்தனை நாள், எல்லாம் தாளில் இருக்கும். தேசியப் பேரிடர் மீட்புப் படை முழுக்க டெபுடேஷனில் வந்தவர்களால் ஆனது. அரக்கோணத்தில் இருக்கும் நாலாவது பட்டாலியனில் இருப்பவர்களுக்கும் திரும்பிப் போக ஒரு படை உண்டு. அனுப்பிய இடத்துக்கு அரசு மொழியில் தாய்த்துறை என்று பெயர். எவ்வளவு அருமையான சொல்! இரவலாகப் போன பிள்ளைக்கும் தாய் வீடு ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிடுகிறது. கஜாவுக்குப் பின் கம்பம் நட வெளி மாவட்டங்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் ஈ.பி. ஆட்கள் வந்தார்கள். ஒரே தோப்பில், ஒரே மரத்தடியில் நின்ற நிரந்தர லைன்மேனுக்குத் தாய்த்துறை இருந்தது, காண்ட்ராக்டில் வந்தவருக்கு இல்லை, என் மாமாவுக்கும் இல்லை.

இரண்டு வருஷக் கெடுவுக்குள் தொழிலாளர் துறை ஆணையர் முன்னால் மனு போட்டோம். மூன்று பேரையும் எதிர்மனுதாரர் ஆக்கினார் வக்கீல். கணக்கு எளிமையானது. முழு நிரந்தர ஊனம் என்றால் மாதச் சம்பளத்தில் 60 சதவீதம், அதை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். 35 வயதுக்குக் காரணி 197.06. ஆனால் அப்போது கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்தின் உச்சவரம்பு 8,000 ரூபாய். மாமா வாங்கியது 14,000. சட்டத்தின் கண்ணுக்கு 6,000 தெரியாது. 4,800ஐ 197.06ஆல் பெருக்கினால் 9,45,888 ரூபாய். உச்சவரம்பு 15,000 ஆனது 2020 ஜனவரியில். அதன்படி போட்டால் 16,55,304. பதினாலு மாதம் கழித்து மரம் உருண்டிருந்தால் ஏழு லட்சம் கூடுதல் என்று நான் சொல்ல, அத்தை என்னை முறைத்தார்.

அடுத்த இழுபறி சதவீதத்தில். டாக்டர் சான்றிதழ் 40 சதவீத ஊனம் என்றது. அதை அப்படியே எடுத்தால் 3,78,355 ரூபாய்தான். ஆனால் இந்தச் சட்டம் உடம்பின் குறையை விட சம்பாதிக்கும் சக்தியின் இழப்பைப் பார்க்க வேண்டியது. 1970களில் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு தச்சரின் வழக்கு போயிருக்கிறது. இடது கை போன தச்சரை, ஒரு கை மிச்சம் இருக்கிறதே என்று சொல்லாமல், முழு ஊனமடைந்தவர் என்றே ஏற்றார்கள். தச்சருக்குக் கை என்றால் டிரைவருக்குக் கால். பணம் தர வேண்டிய கடமை விபத்து நடந்த அன்றே பிறந்துவிடுகிறது என்பதும் அதே தீர்ப்புதான். ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டி, காரணமில்லாமல் இழுத்தடித்தால் அபராதமும் உண்டு. வழக்கு நடக்கும்போதே, ஒத்துக்கொள்ளும் அளவுக்காவது முதலில் கொடு என்கிறது சட்டம். நல்ல ஏற்பாடு. மூன்று பேரில் ஒருவரும் ஒரு ரூபாய்க்குக்கூட ஒத்துக்கொள்ளாததால் எங்களுக்கு அதன்படி வந்தது பூஜ்யம்.

நடுவில் கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் மத்திய அரசு சுகாதாரப் பணியாளர்களுக்கு 50 லட்சம் ரூபாய் காப்பீடு அறிவித்தது. கொரோனா நோயாளிகளைப் பார்க்க அரசு அழைத்துக்கொண்ட தனியார் ஆஸ்பத்திரி ஊழியர், ஓய்வு பெற்றவர், தன்னார்வலர், ஒப்பந்தத் தொழிலாளி, தினக்கூலி என எல்லாரும் அதில் வந்தார்கள். சாவுக்கு மட்டும்தான் பணம், நிபந்தனைகளும் உண்டு. ஆனாலும் அந்த அறிவிப்பைத் திரும்பத் திரும்பப் படித்தேன். 'நீ யாருடைய ஆள்' என்ற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு 'நீ என்ன வேலை செய்தாய்' என்று கேட்க முடிந்திருக்கிறதே என்று தோன்றியது. பயம் எல்லார் வீட்டுக்குள்ளும் வந்தால் முடிகிற விஷயம், புயல் நாலு மாவட்டத்தோடு போய்விட்டால் ஏன் முடியவில்லை?

2021 கடைசியில் சமரசம் ஆனது. அறக்கட்டளை நாலு லட்சம், ஓனர் இரண்டு லட்சம். இன்ஷூரன்ஸ் தப்பித்துக்கொண்டது. இந்தச் சட்டத்தில் தொழிலாளி தன் உரிமையை விட்டுக்கொடுத்து எழுதும் ஒப்பந்தம் செல்லாது. சமரசத்தையும் ஆணையர் பார்த்துத்தான் பதிவு செய்ய வேண்டும், தொகை போதாது என்றால் மறுக்கலாம். எங்களுடையதைப் பதிந்தார்கள். அதில் "பொறுப்பை ஏற்காமல், மனிதாபிமான அடிப்படையில்" என்று ஒரு வரி இருந்தது. நான் கையெழுத்துப் போடாதீர்கள் என்றேன். மாமா, "பாப்பா, கடன்காரன் மனிதாபிமானம் பாக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டுப் போட்டார். அவர் சொன்னது சரி. ஆனால் அந்த வரிக்கு இன்னொரு பொருளும் உண்டு. 2018 நவம்பரில் அந்த நாலு நாள் என் மாமா யாருடைய ஆள் என்பதற்கு இன்றுவரை எந்தத் தாளிலும் பதில் இல்லை.

அந்த 1923 சட்டம் இப்போது தனியாக இல்லை. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் கரைந்துவிட்டது. அது 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கிறது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நடக்கும் விபத்தையும், வேலையோடு தொடர்பு இருந்தால், அது கணக்கில் எடுக்கிறது. நல்லதுதான். ஆனால் எந்தச் சட்டம் வந்தாலும் போனிலேயே கைமாறுகிற ஆளுக்கு முதல் தேவை ஒரு துண்டுத் தாள். யார் அனுப்புகிறார், யாரிடம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, அங்கே யார் சொல்வதைக் கேட்க வேண்டும், அடிபட்டால் யார் பொறுப்பு. ஐந்து வரி. புயல் நேரத்தில் அதற்கு எங்கே நேரம் என்பார்கள். டீசல் பில்லுக்கு நேரம் இருக்கிறதே.

மாமா இப்போது மதுரையில் ஒரு ஆம்புலன்ஸ் ஸ்டாண்டில் போன் எடுக்கிறார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குச் சென்னையிலிருந்து வண்டி கேட்டு ஒருவர் கூப்பிட்டிருக்கிறார். அவசரம், உடனே அனுப்புங்க என்று. "அனுப்புறேன் சார். வண்டி கெளம்பிக்கிட்டே இருக்கு. டிரைவர் உங்க பொறுப்புன்னு வாட்ஸ்அப்ல ரெண்டு வரி போட்டுருங்க, அவன் மேலூர் தாண்டுறதுக்குள்ள வந்தாப் போதும்" என்றாராம். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லையாம். பிறகு மெசேஜ் வந்தது. அதை மாமா தன் போனில் அழிக்காமல் வைத்திருக்கிறார்.