கடவுளின் தகப்பன், எருமைக்காரனின் நாய்

எகிப்தின் செங்கடல் கரையில் குசேர் அல்-காதிம் என்றொரு பழைய துறைமுகம். அங்கே அகழ்ந்தெடுத்த பானை ஓட்டில் ‘பானை ஒறி’ என்று தமிழ்-பிராமியில் எழுதியிருக்கிறது. ஒறி என்பது உறிதான். நம் பாட்டிமார் பூனைக்கு எட்டாமல் தயிர்ச்சட்டியைத் தொங்கவிட்ட அதே உறி. எழுத்துக்கு வயது ஏறக்குறைய 2000. பாரோக்களின் நாட்டில் கிடைத்த தமிழ் எழுத்தில் அரசன் பெயர் இல்லை, பாத்திரத்தின் பெயர் இருக்கிறது.

அந்தக் கடல் வணிகத்தின் இந்தப் பக்கத்துத் துறைகளில் ஒன்று புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானியப் பாண்டங்களும் தமிழ் எழுத்து கீறிய ஓடுகளும் சேர்ந்தே வெளிவந்தன. புதுச்சேரியில் கிளம்பும் சாலை திண்டிவனம், செஞ்சி, கீழ்பென்னாத்தூர், திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை என்று போய்க் கிருஷ்ணகிரியில் முடிகிறது. முன்பு மொத்தத்துக்கும் தேசிய நெடுஞ்சாலை 66 என்று பெயர். இப்போது திண்டிவனத்துக்கு மேற்கே 77.

செஞ்சியில் பேருந்து ஜன்னலிலிருந்தே கோட்டை தெரியும். நாயக்கர், பீஜப்பூர் சுல்தான், சிவாஜி, முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கைமாறிய கோட்டை. 2025இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. இத்தனை பேர் ஆண்டும் ஊர் பாடுவது 1714இல் ஓராண்டுகூட முழுதாக ஆளாமல் போரில் மாண்ட தேசிங்கு ராஜனைத்தான். எகிப்தில் இரண்டாம் ராமசேஸ் 66 வருஷம் ஆண்டு, தன் பெயரை மலையிலும் கோயிலிலும் ஆழமாக வெட்டிவைத்துவிட்டுப் போனான். தேசிங்குக்குக் கல்வெட்டு தேவைப்படவில்லை, தெருக்கூத்தும் கதைப்பாட்டும் போதுமாயிருந்தன.

அடுத்தது கீழ்பென்னாத்தூர். பேரூராட்சி, தாலுகா அலுவலகம், சுற்றிலும் விவசாயம். பேர்போன ராஜா கதை எதுவும் இந்த ஊருக்கு இல்லை. இந்தப் பெயரிலான சட்டமன்றத் தொகுதிகூட 2011 தேர்தலில்தான் முதல்முதலாக வாக்களித்தது. கார்த்திகை தீபத்தன்று மட்டும் ஊரே மேற்கே திரும்பும். 2,668 அடி உயர மலையுச்சிச் சுடர் அங்கே தெரியும்.

திருவண்ணாமலை ராஜகோபுரம் 217 அடி. கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சை சேவப்ப நாயக்கர் காலத்தில் முடிந்தது. கீசாவின் பெரிய பிரமிடு கட்டியபோது 481 அடி. உயரத்தில் கோபுரம் அதற்குப் பாதிகூட இல்லை. ஆனால் பிரமிடு ஒரே ஒரு பிணத்துக்காக அடைக்கப்பட்ட வாசல். கோபுரமோ தினமும் ஊர் நுழையும் வாசல்.

இந்த ஊரின் பெரிய கதை கோபுரத்தில் இல்லை, வல்லாள மகாராஜாவிடம் இருக்கிறது. அண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டிருந்த ஹொய்சள மன்னர் மூன்றாம் வல்லாளர், 1342 வாக்கில் மதுரை சுல்தானோடு நடந்த போரில் பிடிபட்டார். கொன்று, தோலை உரித்து, வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டார்கள் என்று இபன் பதூதா எழுதுகிறார். உடலைப் பதப்படுத்துவது எகிப்தில் அரசனுக்குச் செய்த உச்ச மரியாதை. மதுரையில் அதுவே உச்ச அவமானம்.

பிள்ளையில்லாதவர் என்று கதை சொல்லும் அந்த மன்னருக்கு யார் கொள்ளி வைப்பது? அண்ணாமலையாரே மகனானார் என்கிறது தலபுராணம். இன்றும் மாசி மகத்தன்று சுவாமி பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, வல்லாளருக்குத் திதி கொடுக்கிறார். எகிப்தின் பாரோ தன்னைச் சூரியக் கடவுள் ரா-வின் மகன் என்று அறிவித்துக்கொண்டான். இங்கே உறவு தலைகீழ்: கடவுள்தான் ராஜாவின் மகன்.

செங்கத்துக்குச் சங்ககாலப் பெயர் செங்கண்மா; மலைபடுகடாம் பாடும் நன்னனின் ஊர். அந்தப் பாட்டே கூத்தருக்கு வழிசொல்லும் ஆற்றுப்படை என்பதால், இந்தச் சாலைக்குப் பழைய வழிகாட்டி என்றும் சொல்லலாம். ஆனால் செங்கத்தின் சொத்து நடுகற்கள். 1972இல் தொல்லியல் துறை அவற்றைத் தனி நூலாகவே வெளியிட்டது.

நெடுஞ்சாலையிலிருந்து விலகிய எடுத்தனூர்க் கல்லில், எருமைகளைக் காக்கப் போய் விழுந்த கருந்தேவகத்தி நிற்கிறான். பக்கத்தில் அவன் நாய். அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்வெட்டே சொல்கிறது. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு அது. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமில்லாமல் மண்டகப்பட்டில் குகைக்கோயில் குடைந்த பல்லவப் பேரரசன், இந்தக் கல்லில் வெறும் தேதியாகிவிட்டான்.

கீசாவிலும் ஒரு நாய்க்குக் கல்வெட்டு உண்டு. 1935இல் கிடைத்தது; 4000 ஆண்டுக்கு மேல் பழையது. அபுவதியு என்ற அந்தக் காவல் நாய்க்குச் சவப்பெட்டி, மெல்லிய துணி, சாம்பிராணி எல்லாம் பாரோ கொடுத்தான். அது அரசனின் நாய். கோவிவன் எருமை மேய்த்தவன் நாய்.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள் சாலை ஏறிய பின், பர்கூர் பக்கம் மயிலாடும்பாறை. அங்கே கிடைத்த இரும்பு கி.மு. 2172ஐச் சேர்ந்தது என்று 2022இல் தமிழக அரசு அறிவித்தது. அதற்கு 800 ஆண்டுக்குப் பின் வாழ்ந்த துட்டன்காமுனின் கல்லறைக் கத்தி விண்கல் இரும்பால் ஆனது. அந்தக் கத்தியின் சொந்தக்காரன் பெயர் உலகத்துக்கே தெரியும். மயிலாடும்பாறை இரும்பை உருக்கியவன் பெயரை எந்தக் கல்லும் சொல்லவில்லை.