கட்டங்கள் சொல்லும் பதில்

நம்மவர் வீடுகளில் பஞ்சாங்கம் நாளும் கோளும் பார்ப்பதற்கு மட்டும் உரியதன்று. பொன்னுருக்குக்கு நாள் பார்க்கவும் விரத நாட்களை அறியவும் அதனை விரிக்கும் அதே கைகள், மனத்தில் பாரம் ஏறும் வேளைகளில் வேறொரு பக்கத்தைத் தேடுவதுண்டு. தமிழ்ப் பஞ்சாங்கங்கள் பலவற்றில் இராமர் சக்கரம், சீதை சக்கரம் என்ற பெயர்களில் எண்கள் இட்ட கட்டங்களை அச்சிடுவது வழக்கம். இறைவனைத் தியானித்து, கேள்வியை மனத்தில் நிறுத்தி, கண்களை மூடிக்கொண்டு ஒரு கட்டத்தைத் தொட வேண்டும். விரல் பட்ட எண்ணுக்குரிய பலனைக் கீழே வாசித்துக் கொள்ளலாம்.

வட இந்தியாவில் இம்முறை இன்னும் விரிவானது. துளசிதாசர் 1574ஆம் ஆண்டில் அயோத்தியில் பாடத் தொடங்கிய இராமசரிதமானசத்தை, கோரக்பூரில் 1923இல் நிறுவப்பட்ட கீதா பிரஸ் வீடுதோறும் கொண்டு சென்றது. அதன் பதிப்புகளில் ‘இராம சலாகா பிரச்னாவளி’ என்றொரு கட்டத்தைக் காணலாம். பதினைந்து வரிசை, பதினைந்து நிரல், ஆக 225 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்தோ எழுத்துக்குரிய குறியோ இருக்கும். தொட்ட கட்டத்திலிருந்து ஒவ்வோர் ஒன்பதாவது எழுத்தையும் எடுத்துக் கோத்தால், அந்நூலின் சௌபாயிப் பாடல்களில் ஒன்று உருவாகும். அப்பாடலின் பொருளே பதில்.

இதில் மறைபொருள் ஏதுமில்லை, கணக்குத்தான் உண்டு. 225ஐ ஒன்பதால் வகுத்தால் 25 வரும். ஆகவே இருபத்தைந்து எழுத்துகள் கொண்ட ஒன்பது தொடர்கள் அக்கட்டத்தில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. எங்கே விரல் வைத்தாலும் அவ்வொன்பதில் ஒன்றுதான் கிடைக்கும். அவற்றுள் ஐந்து நற்பலன் கூறுபவை. எஞ்சிய நான்கும் ஐயத்தையோ தடையையோ உணர்த்துபவை. கேட்பவர் மனம் ஒடிந்து போகாதபடி தராசு சற்றே நன்மையின் பக்கம் தாழ்ந்திருக்கிறது. இதை அமைத்தவர் மனித மனத்தை அறிந்தவர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எண்களைக் கட்டங்களில் அடுக்கும் கலையோ நமது மரபில் மிகப் பழையது. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் தமது பிருகத் சம்கிதையில் வாசனைப் பொருட்களைக் கலப்பதற்குப் பதினாறு கட்டச் சதுரமொன்றைத் தந்தார். எந்த வரிசையைக் கூட்டினாலும் அதில் 18 வரும். கஜுராகோவின் பார்சுவநாதர் சமணக் கோயிலில் பொறிக்கப்பட்டுள்ள சதுரத்தில் கூட்டுத்தொகை 34. நாராயண பண்டிதர் 1356இல் எழுதிய கணித கௌமுதியில் இச்சதுரங்களுக்கென்றே ஓர் அத்தியாயத்தை ஒதுக்கினார். நவக்கிரக யந்திரங்களில் சூரியனுக்கு 15, சந்திரனுக்கு 18, செவ்வாய்க்கு 21 என மும்மூன்றாக ஏறிக் கேதுவுக்கு 39 ஆகும். இன்று பூசையறைகளில் இடப்படும் குபேரக் கோலத்தில் 20 முதல் 28 வரையான எண்கள் எப்பக்கம் கூட்டினாலும் 72 தருகின்றன.

ஈய எழுத்துக்களைக் கோத்து அச்சிட்ட காலத்தில் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தவன் நான். சித்திரைப் புத்தாண்டுச் சிறப்பிதழ்களுக்காக இத்தகைய கட்டங்களை ஒப்புநோக்கியதுண்டு. மாயச் சதுரத்தைத் திருத்துவது எளிது. ஓர் எண் பிசகினாலும் கூட்டுத்தொகை காட்டிக் கொடுத்துவிடும். ஆரூடச் சக்கரம் அப்படியன்று. எண்கள் இடம் மாறி அச்சானாலும் எவரும் அறியப்போவதில்லை. வாசகரின் விரல் வேறொரு பலனில் போய் நிற்கும், அவ்வளவுதான். ஒன்று தன்னைத்தானே சரிபார்த்துக் கொள்வது. மற்றையதைச் சரிபார்க்க வழியே கிடையாது. ஆயினும் இரண்டும் ஒரே வடிவில் இருப்பதால், முன்னதன் நம்பகத்தன்மையைப் பின்னதும் பெற்றுவிடுகிறது.

1990களின் நடுப்பகுதியில், கொழும்பில் நான் பணியாற்றிய ஆசிரியபீடத்திற்கு ஒரு தாயார் வந்தார். சோதனைச் சாவடியொன்றில் மறிக்கப்பட்ட மகன் அதன்பின் வீடு திரும்பவில்லை. படத்தைப் பிரசுரிக்க வேண்டும் என்று கேட்டார். படத்தை எடுத்த அதே பையினுள் பஞ்சாங்கத்தின் கிழிந்த பக்கம் ஒன்றும் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

“தம்பி, மூண்டு தரம் தொட்டுப் பாத்தனான். ரண்டு தரம் நல்லதாய் வந்தது, ஒருக்கால் கூடாததாய் வந்தது. எதை நம்பிறது?”

“முதல் தரம் என்ன வந்தது அம்மா?”

“நல்லதுதான்.”

“அப்ப அதையே வைச்சுக்கொள்ளுங்கோ.”

அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், “அப்ப ஏன் பிள்ளை இன்னும் வரேல்லை?” என்றார். என்னிடம் பதில் இருக்கவில்லை. அடுத்த நாள் படம் பிரசுரமாயிற்று.

இவற்றை மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லில் ஒதுக்குவோர் உளர். பகுத்தறிவின்படி அவர்கள் கூற்றுச் சரியே. ஆனால், அந்தத் தாயார் சக்கரத்தைத் தொடுமுன் ஏறி இறங்கிய வாசல்களை நான் கேட்டுக் குறித்திருக்கிறேன். பொலிஸ் நிலையம், முகாம், சிறைச்சாலை, அரசியல்வாதியின் அலுவலகம். எங்கும் “தெரியாது” என்பதே பதில். தெரியாது என்று சொல்லாதது அந்தக் கட்டம் ஒன்றுதான். காரியம் கைகூடும், தாமதமாகும், கைவிடுக என்று ஏதோ ஒன்றை அது சொல்லிவிடுகிறது. ஆனால் பிள்ளை எங்கே என்ற கேள்விக்கு எந்தச் சக்கரத்திலும் கட்டம் இல்லை.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் வளாகத்தில், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தொடர் போராட்டத்தில் அமர்ந்தனர். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் 2018இல் இயங்கத் தொடங்கியது. 2022 ஓகஸ்டில் போராட்டம் 2,000 நாட்களைக் கடந்தது. பதிலை எதிர்பார்த்திருந்த தாய்மார் பலர் இதற்கிடையில் காலமாகிவிட்டனர்.

கோயில் வாசலில் இருந்தபோதும் அவர்கள் தெய்வத்திடம் குறி கேட்கவில்லை. பிள்ளைகளை யாரிடம் ஒப்படைத்தார்களோ, யார் கொண்டு போனதைக் கண்டார்களோ, அவர்களிடமே கேட்டார்கள். பதில் அங்கேதான் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.