கேத்திலும் கிணற்று நீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாது ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறு என்று பெயர் பெற்றதும் மாரிக்காலத்தில் மட்டும் நீர் காண்பதேயாகும். இங்குள்ளோர் குடிப்பதற்கும் தோட்டத்துக்கு இறைப்பதற்கும் தலைமுறை தலைமுறையாக நம்பியிருப்பது நிலத்தடி நீரையே. அந்நீரின் இயல்பை அறிய விரும்புவோர் கீரிமலைக்கும் நிலாவரைக்கும் போய்வருதல் நன்று. அவ்வளவு தூரம் போக இயலாதவர் தம் வீட்டுக் குசினியிலுள்ள கேத்திலைத் திறந்து உள்ளே பார்த்தாலும் போதும்.

கீரிமலையிலே அலை மோதும் கரையின் ஓரத்திலேயே நன்னீர்க் கேணி இருக்கிறது. குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். பெய்யும் மழை அதன் வெடிப்புக்களினூடே இறங்கித் தேங்கிப் பின்னர்க் கடலோரத்திலே ஊற்றாய் வெளிப்படுகிறது. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணறும் அக்கல் நீரினாற் கரைந்து உட்குடைந்ததனால் உண்டானதே. அடியே இல்லையென்று ஊரார் சொல்லும் அக்கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் உள்ளன. உவர்நீரிலும் பாரம் குறைந்ததாகையால் நன்னீர் அதன்மேல் மிதந்து நிற்கிறது. பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் இதனை அவர்களுக்கு எடுத்துச் சொல்லலாம். இராமபிரான் அம்பூன்றி உண்டாக்கிய நீர்நிலை என்னும் கதையையும் விட்டுவிட வேண்டியதில்லை.

நிலாவரையிலிருந்து திரும்பும் வழியிலே பழைய மாணாக்கன் ஒருவனது வீட்டில் தேநீர் அருந்தினேன். அவனுடைய தாயார் மின்கேத்திலைக் கொண்டுவந்து காட்டினார்.

"மாஸ்ரர், வாங்கி ஒரு வருசமும் ஆகேல்லை. அடியெல்லாம் வெள்ளை பிடிச்சுப் போச்சு. கொதிக்கவும் கனநேரம் எடுக்குது. கடைக்காரர் ஏமாத்திப் போட்டினம்."

"கடைக்காரரிலை பிழையில்லை, அக்கா. இது உங்கடை கிணத்துக் கல்லு" என்றேன்.

மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள காபனீரொட்சைட்டு வாயுவை ஏற்றுச் சிறிது அமிலத்தன்மை அடைகிறது. அதனாற் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக்கொள்கிறது. கொதிக்கவைத்ததும் வாயு வெளியேற, கரைந்த கல் மீண்டும் கல்லாகவே படிகிறது. அப்படிவு வெப்பத்தை எளிதிற் கடத்தாது. ஆகவே மின்சாரம் வீணாகிறது. சூடேற்றும் பாகமும் அளவுக்கு மீறிக் காய்ந்து விரைவிற் பழுதடைகிறது.

இதனைக் கத்தியாலோ இரும்புத் தும்பாலோ சுரண்டலாகாது. இரண்டு தேசிக்காயின் சாற்றை, அல்லது ஒரு கோப்பை வினாகிரியை, படிவு மூழ்குமளவு நீரோடு சேர்த்துக் கொதிக்கவைத்து, மின்தொடர்பை நீக்கி, ஒருமணி நேரம் விட்டுவிடுக. சிறு குமிழிகள் எழக் கல் கரையும். அந்நீரை ஊற்றியபின் வெறுநீரை இருமுறை கொதிக்கவைத்துக் கொட்டிவிடுதல் வேண்டும். படிவு தடிக்க விடாமல் மாதம் ஒருமுறை இவ்வாறு செய்தால் வேலை இலேசு. பழப்புளியும் உதவும், ஆயினும் அதன் சக்கை இடுக்குகளிலே தங்கிவிடும். அது பித்தளைக் குடத்துக்கே உரியது என்பது என் எண்ணம். அலுமினியப் பாத்திரத்தில் எந்தப் புளிப்பையும் நெடுநேரம் விடலாகாது; அப்பச்சோடாவோ அதனைக் கறுக்கச் செய்துவிடும். மின்கேத்திலை ஒருபோதும் நீரில் அமிழ்த்தாதீர்கள். இரவிலே மிஞ்சிய நீரை ஊற்றிவிட்டு மூடியைத் திறந்து வைத்தால் பாதித் தொல்லை குறையும்.

சோறு ஆக்கும் மின்பானைக்கு வேண்டியது வேறு கவனிப்பு. உட்பானையின் அடியில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தாலும், வெப்பத்தை உணரும் நடுக்குமிழ் பானையைச் சரியாய்த் தொடாது. ஆகவே வைக்குமுன் அடியைத் துடைத்து உலர்த்திக்கொள்க.

குறிகட்டுவானில் வள்ளம் ஏறி நெடுந்தீவுக்குச் சென்றால் நிலைமை மாறுகிறது. அங்கே பல கிணறுகள் உவர்க்கிணறுகள். உப்பு, கல்லைப்போலப் படிந்து நிற்பதோடு அமைவதன்று. உலோகத்தையே அரித்துப் புள்ளி விழச் செய்வது. தேசிப்புளியால் அதற்குப் பரிகாரமில்லை. கழுவிய பாத்திரத்தை உடனே துணியாற் துடைத்து உலரவைப்பதே வழி. கடலோர வீடுகளில் குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்திலும் உப்புக்காற்றும் தூசியும் சேர்ந்து படியும். மின்தொடர்பை நீக்கியபின் மென்மையான தூரிகையாற் துடைக்கலாம்.

2024-ஆம் ஆண்டு தாளையடியிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. ஆயினும் கிணற்று நீர் நம் குசினிகளைவிட்டு நீங்கிவிடவில்லை. மாணாக்கர் இதனை வைத்து ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரே அளவான மூன்று போத்தல்களில் முறையே மழைநீர், வீட்டுக் கிணற்றுநீர், கொதித்தாறித் தெளிந்த அதே கிணற்றுநீர் ஆகியவற்றை எடுத்து, ஒவ்வொன்றிலும் சமஅளவு சவர்க்காரத் துருவலை இட்டுக் குலுக்குக. மழைநீர் நுரைத்துப் பொங்கும். கிணற்றுநீரில் வெண்மையான ஆடை மிதக்கும். மூன்றாவது இவ்விரண்டுக்கும் இடையிலே நிற்கும். வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகள் தத்தம் கிணற்றுநீரைக் கொண்டுவந்து வகுப்பிலே வரிசையாய் வைத்துக் குலுக்கினால், எந்த ஊர்க் கேத்திலுக்குத் தேசிக்காய் அதிகம் வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.