எடுத்த போனைப் பத்திரமாக வையுங்கள்

செல்போன் பாதுகாப்பு என்றாலே ஓ.டி.பி. சொல்லாதே, தெரியாத லிங்க்கைத் தொடாதே என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அதுவும் தேவைதான். ஸ்காலர்ஷிப் வந்திருக்கிறது என்று நம் பிள்ளைகளின் அம்மாக்களுக்குப் போன் செய்து ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள். ஆனால் சேரியில் இருப்பவரின் போனுக்கு வேறொரு ஆபத்தும் இருக்கிறது. நாங்கள் பேச வந்தது அதைப் பற்றி.

வன்கொடுமை நடந்த ஊருக்குப் போனதும் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "யாராவது போன்ல எடுத்தீங்களா?" என்பதுதான். "வாட்ஸ்அப்ல இருக்குண்ணே" என்பார்கள். எடுத்தது யார் என்றால் தெரியாது. எடுத்த தம்பியைத் தேடிப் பிடித்தால், மெமரி நிறைந்துவிட்டது என்று அழித்திருப்பார். அல்லது அடித்தவர்களே போனைப் பிடுங்கி உடைத்திருப்பார்கள். குடிசையைக் கொளுத்த வருகிறவனுக்கும் இன்று முதலில் கண்ணில் படுவது தூக்கிப் பிடித்த செல்போன்தான்.

ஒரு காட்சிப் பதிவு என்ன செய்யும் என்பதற்குக் கோகுல்ராஜ் வழக்கைப் பாருங்கள். 2015 ஜூனில் திருச்செங்கோடு கோயிலுக்குப் போன அந்த இளைஞர் ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். உடன் இருந்த முக்கிய சாட்சி நீதிமன்றத்தில் பிறழ்ந்தார். கோயில் சிசிடிவி பிறழவில்லை. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்டோருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2023இல் உயர் நீதிமன்றமும் யுவராஜின் தண்டனையை உறுதிசெய்தது. மிரட்டினால், காசு கொடுத்தால், மனிதர் மாறிவிடுவார். வழக்கு நடக்கும் அத்தனை வருடமும் அதே ஊரில்தானே அவர் கூலிக்குப் போக வேண்டும்? அவரைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வருவதில்லை. அதனால்தான் பதிவைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துகிறோம்.

பதிவு இருந்தால் மட்டும் போதாது. முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி என்றார்கள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவு. நகலைக் கொடுத்தால் அதனுடன் சான்றிதழ் வேண்டும். அதில் ஹேஷ் என்றொரு எண் இருக்கும். கோப்பின் கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நொடியை வெட்டினாலும் அந்த எண் மாறிவிடும். ஆகவே எடுத்த வீடியோவை வெட்டாதீர்கள், பாட்டுச் சேர்க்காதீர்கள். (தலைவர் பாட்டாக இருந்தாலும்தான்!) வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். வழக்கறிஞருக்குப் பென்டிரைவில் ஒரு நகல் கொடுங்கள். எடுத்தவர் பெயர், நாள், நேரம், எந்தப் போன் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். எடுத்த போனில் இருக்கும் மூலப் பதிவை மட்டும் வழக்கு முடியும்வரை தொடாதீர்கள்.

பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் முகமோ பெயரோ உள்ள எதையும் நீதி கேட்டுக்கூடப் பரப்பக் கூடாது. நியாய சம்ஹிதை 72ஆம் பிரிவில் அது குற்றம். சட்டம் கிடக்கட்டும், அந்தப் பிள்ளை நாளை அதே தெருவில் நடக்க வேண்டும்.

போலீஸ் போனைக் கேட்டால் பறிமுதல் மகஜர் கேளுங்கள். *#06# அழுத்தினால் வரும் ஐ.எம்.இ.ஐ. எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். விரலைப் பிடித்து வைத்தால் திறக்கும் பூட்டு எங்களைப் போன்றவர்களுக்கு உதவாது. ஆறு இலக்க எண் போடுங்கள்.

சாதி மாறிக் காதலிக்கும் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் 'லிங்க்ட் டிவைசஸ்' என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். உங்கள் அரட்டையை வேறொரு கம்ப்யூட்டரில் அண்ணன் படித்துக்கொண்டிருக்கலாம். கூகுள் மேப்பில் லொகேஷன் ஷேரிங் யாருக்காவது போகிறதா என்றும் பாருங்கள். வீட்டார் அமைத்துக் கொடுத்த ஜிமெயில் என்றால் அந்தப் போனே அவர்களுடையது மாதிரிதான்.

இவ்வளவு செய்தாலும் முழுப் பாதுகாப்பு கிடையாது. 2019இல் வாட்ஸ்அப் அழைப்பு வழியாகவே பெகாசஸ் உளவு மென்பொருள் போன்களுக்குள் நுழைந்தது. அழைப்பை எடுக்கக்கூட வேண்டியதில்லை. அப்போது குறிவைக்கப்பட்டதாக எச்சரிக்கப்பட்டவர்களில் ஆனந்த் டெல்டும்டேவும் ஒருவர். அதனால் சாட்சிகளின் பெயரையும் அவர்கள் தங்கியிருக்கும் வீட்டையும் நாங்கள் போனில் எழுதுவதில்லை.

இன்னொன்று. போன் உடைந்த இரவில் யாருக்கும் ஒரு நம்பரும் நினைவுக்கு வருவதில்லை. வழக்கறிஞர், பக்கத்து ஊர்த் தோழர், மாவட்ட எஸ்.பி. அலுவலகம் என மூன்று எண்களை அடுப்பங்கரைச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள். பாட்டிக்கும் கண் தெரிகிற அளவில், பெரிதாக.